மே மாதம் மெஷினுக்கு லீவு

தறியிலிருந்து இறங்கிய கம்பளித் துணி அப்படியே சட்டைக்கு ஆகாது. அதை நனைத்து, அடித்து, இறுக்கி, முள்ளுச் சீப்பால் சீவிவிட்டால் மேலே பூனைமுடி மாதிரி நூல்நுனிகள் எழுந்து நிற்கும். நீட்டிக்கொண்டிருப்பதை ஒரே மட்டமாகக் கத்தரித்த பிறகுதான் வழவழப்பு வரும். திருப்பூரில் ஃப்ளீஸ் துணிக்கு ‘ரைசிங்’ ஓட்டுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இங்கிலாந்தில் குளோஸ்டர்ஷையர் வட்டாரத்தில் ஸ்ட்ரவுட் என்று ஓர் ஊர். அதைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்குகளில் 200 ஆண்டுகளுக்கு முன் ஓடைக்கு ஓடை துணி ஆலை. பிரிட்டிஷ் பட்டாளத்தின் செஞ்சட்டைத் துணிக்குப் பெயர்போன இடம். அந்த ஆலைகளில் கத்தரிக்கும் வேலைக்கு ஓர் இயந்திரம் இருந்தது. ஓர் உருளையைச் சுற்றித் திருகுச்சுருளாகக் கத்திகள். அடியில் அசையாமல் ஒரு பட்டைக் கத்தி. உருளை சுழலச் சுழல, இரண்டுக்கும் நடுவே அகப்பட்ட நூல்நுனி துண்டாகி விழும்.

அந்த ஆலைகளுக்கு வேலை செய்துகொடுத்த மெக்கானிக் எட்வின் பியர்ட் பட்டிங். 1796இல் பிறந்தவர். துணியின் மயிரைச் சீராக வெட்டுகிற கத்தி தரையின் மயிரையும் வெட்டாதா என்று அவருக்குத் தோன்றியது. நம் கதையின் நாயகனான புல்வெட்டும் மெஷின் அந்தக் கேள்வியில் பிறந்ததுதான். காப்புரிமைத் தேதி 1830 ஆகஸ்ட் 31. அதில் இந்தக் கருவி செய்யும் வேலைக்குப் போட்டிருந்த பெயர்களே துணிக்காரர்களின் பேச்சிலிருந்து வந்தவை. புல்லை ‘அறுப்பது’ என்று இல்லை; ‘கத்தரிப்பது’ என்றே எழுதியிருந்தார்கள். புல்வெளி என்றால் பச்சைக் கம்பளம் என்று நாமும் எழுதித் தள்ளுகிறோமே, அதை அளந்து பார்த்து உண்மையாக்கிய மனிதர் பட்டிங்.

பணம் போட்டவர் ஜான் ஃபெராபி. ஸ்ட்ரவுடுக்கு அருகே த்ரப் என்ற இடத்தில் ஃபீனிக்ஸ் இரும்பாலை வைத்திருந்தவர். செலவு அவருடையது, விற்கும் உரிமையும் அவருடையது. ஊர் கண்ணில் படக்கூடாது என்று பட்டிங் ராத்திரியில்தான் மெஷினை ஓட்டிப் பார்த்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டால் நம்பக் கஷ்டமாக இருக்கிறது. 19 அங்குல அகலம், முழுக்க இரும்பு. பின்னால் ஒரு கனத்த உருளை. தள்ளும்போது அது தரையில் உருள, வார்ப்பிரும்புப் பல்சக்கரங்கள் அந்தச் சுழற்சியைப் பதினாறு மடங்காக்கிக் கத்திக்குக் கொடுக்கும். வெட்டுப்பட்ட புல் முன்னால் உள்ள தட்டில் போய் விழும். ஒருவர் தள்ளினால் போதவில்லை. சீக்கிரமே முன்பக்கம் இன்னொரு கைப்பிடி வைத்து, இழுக்க ஓர் ஆளையும் போட வேண்டியதாயிற்று. கனவான்கள் தாங்களே இதைத் தள்ளினால் உடம்புக்கு நல்ல பயிற்சி என்றும் காப்புரிமையில் ஒரு வரி வரும். தள்ளிய கனவான்கள் எத்தனை பேரோ.

இந்த இயந்திரத்தில் இன்னோர் உறுப்பைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். கத்தி உருளைக்கும் பின் உருளைக்கும் நடுவே ஒரு சிறிய உருளை. அதை ஏற்றி இறக்கினால் புல்லை எவ்வளவு உயரத்தில் வெட்டுவது என்பது மாறும்.

அதற்கு முன்பு புல்தரை என்பது பணக்காரன் வீட்டுச் சமாச்சாரம். ஆளுயரப் பிடி போட்ட நீண்ட வளைந்த அரிவாளோடு வரிசையாக ஆட்கள் நின்று வீசி வீசி அறுப்பார்கள். ஈரமாக இருந்தால்தான் புல் கத்திக்கு நிற்கும் என்பதால் விடியலில், பனி காய்வதற்குள் வேலை முடிய வேண்டும். கை தவறினால் தரையில் பிறைபிறையாக வெட்டுத் தழும்பு. அல்லது ஆடுகளை விட்டு மேய்ப்பார்கள். பட்டிங்கின் மெஷின் காய்ந்த புல்லையும் வெட்டியது. எந்த நேரத்திலும், அதிகம் பழகாத கையாலும் வெட்டலாம். லண்டன் ரீஜன்ட்ஸ் பார்க் விலங்குக்காட்சித் தோட்டமும் ஆக்ஸ்ஃபோர்டின் கல்லூரிகளும் முதலில் வாங்கியவர்களில் அடக்கம். 1832 முதல் இப்ஸ்விச்சில் ரான்சம்ஸ் கம்பெனி உரிமம் பெற்றுச் செய்யத் தொடங்கியது.

நம் பக்கத்தில் புல் அறுப்பதென்றால் மாட்டுக்கு. கருக்கரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்து அறுத்து, கட்டாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு வரும் பெண்ணிடம், புல்லை வளர்த்து, தண்ணீர் ஊற்றி, உரம் போட்டு, வாராவாரம் வெட்டி, வெட்டியதைக் குப்பையில் கொட்டும் ஒரு வழக்கம் உலகத்தில் இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். சிரிப்பாள். ஆனால் அவளுடைய சிரிப்பில் இருக்கிற கேள்வியை மேற்கில் கேட்க 190 ஆண்டு பிடித்தது.

பட்டிங் தன் கண்டுபிடிப்பால் பெரிதாகச் சம்பாதித்ததாகத் தெரியவில்லை. திருகி அளவு மாற்றும் ஸ்பேனர் ஒன்றையும் உருவாக்கினார். 1846இல், 50 வயதில் போய்ச் சேர்ந்தார். மெஷின் அவரை விட்டுவிட்டு ஊர்சுற்றக் கிளம்பியது. 1840களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் ஆர்ப்ரோத்தில் அலெக்சாண்டர் ஷாங்க்ஸ் அதை 27 அங்குலமாக அகலப்படுத்தி மட்டக்குதிரையில் பூட்டினார். குளம்பு பதிந்து புல்தரை குழியாகிவிடக் கூடாதே, அதற்காகக் குதிரைக்குத் தோல் பூட்ஸ் மாட்டிவிட்டார்கள். நாலு காலுக்கும் செருப்பு போட்டு நடக்கும் குதிரையைக் கற்பனை செய்யும்போதெல்லாம் எனக்கு அந்தக் காலத்து ஆங்கிலேயப் பிரபுக்கள் மேல் கொஞ்சம் பிரியம் வந்துவிடுகிறது. அப்புறம் லீட்ஸில் தாமஸ் கிரீன் பல்சக்கரத்துக்குப் பதில் சங்கிலி வைத்துச் சத்தத்தைக் குறைத்தார். நூற்றாண்டின் கடைசியில் நீராவி, 1902இல் பெட்ரோல். இதற்கிடையில் 1877இல் விம்பிள்டன் வந்துவிட்டது. அங்கே இன்றைக்கும் ஆட்டத்துக்குப் புல்லின் உயரம் 8 மில்லிமீட்டர். மெஷின் இல்லாமல் அப்படியொரு தரையே கிடையாது. நாம் டிவியில் பார்த்து ரசிக்கும் அந்தப் பச்சை, ஒரு துணி ஆலையின் கணக்கு.

மெஷினுக்குப் பெரிய வாழ்வு கிடைத்தது அமெரிக்காவில். 1870இல் ஃபிராங்க் ஜே. ஸ்காட் என்பவர் புறநகர் வீட்டு முற்றங்களை அழகுபடுத்துவது பற்றி ஒரு புத்தகம் எழுதினார். வீட்டின் முன்னே ஒட்டக் கத்தரித்த புல்தரை இருக்க வேண்டும். அதை வேலி போட்டு அக்கம்பக்கத்தார் கண்ணிலிருந்து மறைப்பது நல்ல கிறிஸ்தவன் செய்கிற காரியமில்லை என்பது அவர் கட்சி. அழகு ஒழுக்கமாக மாறிய இடம் அது. அதற்குப் பிறகு புல் வளர்ந்தால் வீட்டுக்காரன் சோம்பேறி. இன்னும் கொஞ்சம் வளர்ந்தால் அவன் ஊருக்கே ஆகாதவன். 1899 மே 9இல் ஜான் ஆல்பர்ட் பர் என்ற கருப்பினக் கண்டுபிடிப்பாளர், வெட்டிய புல் சிக்கி அடைத்துக்கொள்ளாத மெஷின் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். மே மாதத்தில் கிடைத்த காப்புரிமை. கதையின் பிற்பகுதி தெரிந்தவர்களுக்கு இந்த மாதம் வேடிக்கையாகப் படும்.

நடுவில் மெஷின் கொஞ்ச நாள் தோற்றும் போனது. முதல் உலகப் போர் சமயத்தில், ஆள்கூலியை மிச்சப்படுத்த வெள்ளை மாளிகைப் புல்வெளியில் அதிபர் வில்சன் ஆட்டுமந்தையை விட்டார். ஆட்டுமயிரை ஏலம் விட்டதில் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு 50,000 டாலருக்கு மேல் கிடைத்தது. துணியின் மயிரில் தொடங்கிய இந்தக் கருவியை ஆட்டுமயிர் ஓரங்கட்டியது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் நிலைமை தலைகீழ். 1947இல் நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் லெவிட்டவுன் எழத் தொடங்கியது. அச்சில் வார்த்தது போல் 17,000க்கு மேற்பட்ட வீடுகள், ஒவ்வொன்றின் முன்னாலும் புல்தரை. வீட்டுப் பத்திரத்தோடு நிபந்தனை: ஏப்ரல் 15 முதல் நவம்பர் 15 வரை வாரம் ஒரு தடவையாவது புல்லை வெட்ட வேண்டும். வாரம் ஒருமுறை என்று புல் கேட்டதில்லை. சனிக்கிழமை லீவும் பெட்ரோல் மெஷினும் சேர்ந்து கொண்டுவந்த கணக்கு அது. அரிவாள் காலத்தில் எந்தப் பிரபுவாலும் இப்படிச் சட்டம் போட்டிருக்க முடியாது, கூலி கட்டுப்படியாகாது. கருவி சுலபமானது, வேலை கடமையானது.

ஆஸ்திரேலியாவிலும் இதே காட்சி. 1952இல் சிட்னியின் கான்கார்ட் பகுதியில் மெர்வின் விக்டர் ரிச்சர்ட்சன் தன் வீட்டுக் கராஜில் வட்டமாகச் சுழலும் கத்தி வைத்து ஒரு மெஷின் பண்ணினார். பெட்ரோல் டேங்குக்குக் காலி பீச் பழ டப்பா. அந்தத் தகர டப்பாதான் விக்டா என்ற பெரிய வியாபாரமாக வளர்ந்தது. கத்தரிக்கோல் மாதிரி நறுக்கிய பழைய உருளைக் கத்தி பின்னுக்குப் போய், சாட்டை மாதிரி வீசி அடிக்கும் சுழல்கத்தி முன்னுக்கு வந்தது. வளர்ந்த புல்லானாலும் பூவானாலும் அதற்கு ஒன்றுதான்.

இந்த இடத்தில் மெஷினுக்கு ஒரு கூட்டாளி சேர்ந்தது. 1940களில் வந்த 2,4-டி என்ற களைக்கொல்லி புல்லை விட்டுவிட்டு அகல இலைச் செடிகளை மட்டும் கொல்லும். அதுவரை புல்தரை விதைப் பொட்டலத்திலேயே வெள்ளைக் குளோவர் விதையைக் கலந்து விற்றார்கள். மூன்றிலைச் செடி, காற்றிலிருக்கும் நைட்ரஜனை வேரில் பிடித்து மண்ணுக்குத் தரும், உரச் செலவு மிச்சம். மருந்தோ குளோவரையும் கொன்றது. மருந்தை நிறுத்த முடியாது, விற்றாக வேண்டும். ஆகவே குளோவரைக் களை என்று அறிவித்துவிட்டார்கள். ஒரு செடி தன் குணம் மாறாமலே வேண்டியதிலிருந்து வேண்டாததாக மாறிய அழகான உதாரணம் இது. டேன்டேலியனும் அதே பட்டியலில் சேர்ந்தது. மஞ்சள் பூ, வெடித்தால் பஞ்சுக் குடை, ஊதினால் பறக்கும்.

2005இல் செயற்கைக்கோள் படங்களை வைத்து ஒரு கணக்குப் போட்டார்கள். அமெரிக்காவில் வீட்டு முற்றம், பூங்கா, கோல்ஃப் மைதானம் எல்லாம் சேர்த்துப் புல்தரை மட்டும் ஏறக்குறைய 1,60,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பு 1,30,000. பாசனம் செய்து வளர்க்கும் எந்தத் தனிப் பயிரையும்விட அங்கே புல்லே அதிகம். நியூ ஜெர்சியிலோ டெக்ஸாஸிலோ வீடு வாங்கும் நம்மவர்களும் கிரகப்பிரவேசத்துக்குப் பால் காய்ச்சிய கையோடு புல்வெட்டும் மெஷினுக்கு விலை விசாரிக்கிறார்கள். இல்லாவிட்டால் குடியிருப்புச் சங்கத்திலிருந்து கடிதம் வந்துவிடும்.

இவ்வளவு பெரிய பச்சை, பூச்சிகளைப் பொறுத்தவரை பாலைவனம். ஏன் என்பதற்கு மண்டியிட்டுப் பார்த்தால் போதும். குளோவர் தரையோடு படர்ந்து, நாலைந்து அங்குலத்துக்குள் காம்பு நீட்டி, உருண்டையாக ஒரு வெள்ளைப் பூங்கொத்து வைக்கும். ஒரு கொத்தில் பல சின்னக் குழல்கள். கீழ்வரிசையிலிருந்து மேலாக ஒவ்வொன்றாகத் திறக்கும். தேனீ வந்து உட்கார்ந்தால் பூவைச் சுற்றிச் சுற்றி நடந்தபடி ஒவ்வொரு குழலிலும் நாக்கை விட்டு எடுக்கும். மகரந்தம் கிடைத்த குழல் வாடிக் கீழே மடங்கிவிடும், அடுத்து வருகிற தேனீ அங்கே நேரத்தை வீணாக்க வேண்டாம் என்பது போல. ஒரு மொட்டு இந்த நிலைக்கு வர நாள் வேண்டும். வாரம் ஒருமுறை கத்தி வந்தால் மொட்டாகவே போய்விடும். வசந்த காலத்தில் இது இன்னும் மோசம். குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள் ஒடுங்கிக் கிடந்த பம்பிள் பீ ராணி அப்போதுதான் தனி ஆளாக வெளியே வருகிறாள். கம்பளி போர்த்தியது போல மயிர் அடர்ந்த குண்டுத் தேனீ. கூடு கட்டி, முட்டையிட்டு, முதல் குஞ்சுகளுக்கு ஊட்டுவது வரை எல்லாம் அவள் ஒருத்தியே. தோட்டங்களில் இன்னும் பூ வராத அந்தச் சில வாரங்களில்தான் மனிதர்கள் ஷெட்டைத் திறந்து மெஷினை வெளியே எடுக்கிறார்கள்.

பிரிட்டனில் காட்டுச்செடிகளுக்காக இயங்கும் பிளாண்ட்லைஃப் என்ற அறக்கட்டளை 2019இல் ஒரு வேண்டுகோள் விடுத்தது: மே மாதம் மட்டும் வெட்டாதீர்கள். அந்த நாட்டில் 1930களிலிருந்து காட்டுப்பூ மண்டிய புல்வெளிகளில் 97 சதவீதம் அழிந்துவிட்டது. இழந்ததை விவசாயிகளிடமிருந்து மீட்பது பெரும்பாடு. வீட்டுக்காரர்களிடம் சும்மா இருக்கச் சொல்வது சுலபம். உலகத்தில் எந்த இயக்கமும் இவ்வளவு சோம்பேறித்தனமான ஒரு கடமையைக் கேட்டிருக்காது. நான் சேர்ந்திருப்பேன்.

அதே அறக்கட்டளை மே மாதக் கடைசியில் ஒவ்வொருவரையும் தங்கள் முற்றத்தில் ஒரு சதுர மீட்டரை அளந்து பூக்களை எண்ணச் சொன்னது. எண்ணி வந்த முடிவு அவர்களுடைய கோஷத்தைவிட நுட்பமானது. அதிகமான பூவும் தேனும் கிடைத்தது நாலு வாரத்துக்கு ஒருமுறை வெட்டிய தரையில்தான். டெய்சி, குளோவர் போன்ற குட்டைச் செடிகள் வெட்டுப்பட்டதும் மறுபடி பூக்கும். அடியோடு வெட்டாமல் விட்ட இடத்தில் பூவின் எண்ணிக்கையைவிட வகை அதிகம். மெஷின் முழுசாக ஓய்வெடுக்க வேண்டியதில்லை. மெதுவாக வந்தால் போதும்.

இதே விஷயம் அமெரிக்காவில் ஏற்கெனவே தெரியவந்திருந்தது. மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் 16 வீடுகளின் புல்தரைகளை 2013, 2014 கோடைகளில் சிலவற்றை வாரம் ஒருமுறை, சிலவற்றை இரண்டு வாரம், சிலவற்றை மூன்று வாரம் என்று வெட்டிப் பார்த்தார்கள். களைக்கொல்லி கிடையாது, தண்ணீரும் ஊற்றவில்லை. அமெரிக்க வனத்துறையின் சூசன்னா லெர்மன் தலைமையில் நடந்த ஆய்வு, 2018இல் வெளியானது. சாதாரண நகர வீட்டுப் புல்லில் 93 வகைத் தேனீக்கள்! நமக்குத் தேனீ என்றால் கூட்டுத்தேனீதான் நினைவுக்கு வரும்; இவற்றில் பெரும்பாலானவை எறும்பளவுள்ள, மண்ணில் தனித்தனியாகத் துளை போட்டு வாழும் சின்ன ஜீவன்கள். மூன்று வாரம் விட்ட தரையில் பூக்கள் இரண்டரை மடங்கு வரை கூடின. ஆனால் தேனீக்கள் எண்ணிக்கையில் அதிகம் வந்தது இரண்டு வாரத் தரைக்கு. மூன்று வாரத்தில் புல் உயர்ந்து பூக்களை மறைத்துவிட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஊகித்தார்கள். பந்தி போட்டாகிவிட்டது, ஆனால் வாசலில் திரை.

பிளாண்ட்லைஃபின் அழைப்பு 2020இல் அட்லாண்டிக்கைத் தாண்டி விஸ்கான்சின் மாநிலத்தின் ஆப்பிள்டன் ஊரில் இறங்கியது. ஊர்ச் சட்டப்படி 8 அங்குலத்துக்கு மேல் புல் வளர்ந்தால் குற்றம். நகர மன்றம் மே மாதத்துக்கு மட்டும் அந்தச் சட்டத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டது. 435 வீடுகள் பதிவு செய்தன. அங்குள்ள லாரன்ஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், வெட்டாத முற்றங்களில் தேனீக்கள் ஐந்து மடங்கு, வகைகள் மூன்று மடங்கு என்று அதே ஆண்டு கட்டுரை வெளியிட்டார்கள். செய்தி தீயாய்ப் பரவியது. மாநிலத்துக்கு மாநிலம், ஊருக்கு ஊர் முற்றத்தில் பலகை முளைத்தது. 2022இல் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. தரவுகளைக் கையாண்ட விதத்தில் முரண்கள் இருப்பதாகக் கேள்விகள் எழுந்திருந்தன. திரும்பப் பெற்ற செய்தி அவ்வளவு வேகமாகப் பரவவில்லை.

வேறு சங்கடங்களும் இருந்தன. விஸ்கான்சினில் மே மாதம் முற்றத்தில் பூப்பது பெரும்பாலும் டேன்டேலியன். அதன் மகரந்தத்தில் தேனீக்குஞ்சு வளரத் தேவையான சில அமினோ அமிலங்கள் போதாது. அதை மட்டுமே ஊட்டினால் குஞ்சுகள் தேறாது. பசிக்குப் பொரி கொடுத்த கதை. டேன்டேலியனே அந்த மண்ணின் செடி இல்லை. ஐரோப்பாவிலிருந்து குடியேறியது. வெள்ளைக் குளோவரும் அப்படித்தான். பெயரில் கென்டக்கியை வைத்துக்கொண்டிருக்கும் புல்லும் அப்படித்தான். கூட்டுத்தேனீயும் 17ஆம் நூற்றாண்டில் கப்பலில் வந்தது. அமெரிக்க முற்றம் ஒரு முழு ஐரோப்பியக் குடியேற்றம்; பிரிட்டனுக்குப் பொருந்திய மே மாதம் அங்கே அப்படியே பொருந்தும் என்று எதிர்பார்த்தது தப்பு. அந்த மண்ணுக்கே உரிய, முதுகில் துருநிறத் திட்டு உள்ள பம்பிள் பீ 2017இல் மத்திய அரசின் அழிநிலைப் பட்டியலில் ஏறியது. அதற்கு வேண்டியது ஒரு மாதத்து விருந்தில்லை. ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை ஏதாவது ஒன்று பூத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஜூன் முதல் வாரம் இருக்கிறதே, அது தனிக் கூத்து. ஒரு மாதம் விட்ட புல் முழங்காலைத் தொடும். மெஷினை இழுத்து வந்து வழக்கமான உயரத்திலேயே விட்டால் இரண்டடி போவதற்குள் இன்ஜின் இருமி நின்றுவிடும். கவிழ்த்துப் பார்த்தால் கத்தியைச் சுற்றி ஈரப் புல் பச்சைச் சாணி மாதிரி அப்பியிருக்கும். ஒரு வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தால் புல் நோகும் என்பது தோட்டக்காரர்கள் அறிந்த கணக்கு. மூன்றில் இரண்டு எடுத்தால் அடியில் வெயில் படாத மஞ்சள் காம்புதான் மிஞ்சும். வந்து பழகிய பூச்சிகளுக்கும் ஒரே நாளில் கடை சாத்தியாயிற்று. பல ஊர்கள் இப்போது ‘வெட்டாதே’ என்பதை விட்டு ‘மெதுவாக வெட்டு’ என்று மாற்றிக்கொண்டிருக்கின்றன.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் மெஷினின் கடைக்குட்டிப் பிள்ளை நிற்கிறது. ஹஸ்க்வார்னா கம்பெனி 1995இல் சூரிய சக்தியில் ஓடும் ரோபோ புல்வெட்டியைக் கடைக்குக் கொண்டுவந்தது. ஆமை மாதிரி இருக்கும். இதற்குச் சனிக்கிழமை கிடையாது. தினமும், சில வீடுகளில் ராத்திரியிலும் ஊர்ந்து ஊர்ந்து மில்லிமீட்டர் கணக்கில் கத்தரிக்கும். எந்த மொட்டுக்கும் காம்பு நீட்ட நேரம் தராது. இரவில் இரைதேடி வரும் முள்ளெலி ஆபத்தைக் கண்டால் ஓடாது, சுருண்டு உட்கார்ந்துவிடும். கத்திக்கு அது தெரியாது. டென்மார்க்கில் ஏற்கெனவே செத்த முள்ளெலிகளை வழியில் வைத்து 18 வகை ரோபோக்களை ஓட்டிச் சோதித்திருக்கிறார்கள். ஜெர்மனியில் சில நகரங்கள் இரவில் ஓட்டத் தடை போட்டிருக்கின்றன. பட்டிங் ராத்திரியில் ஓட்டிய கதைக்கு இப்படி ஒரு வாரிசு.

கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரி சேப்பலுக்குப் பின்னால் ஆற்றை ஒட்டி ஒரு புல்தரை. 1772இல் போட்டது. பட்டிங்குக்கு முன்பு அரிவாளும் பின்பு மெஷினுமாக இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஒட்ட வெட்டப்பட்டது. 2019இல் அதில் ஒரு பகுதியில் காட்டுப்பூ விதைத்தார்கள். அடுத்த கோடையில் பாப்பியும் டெய்சியும் இடுப்பளவு நின்றன. தேவாலயக் கல்சுவர் பூவுக்கு மேலே மிதப்பது போல் வந்த படங்களை நீங்களும் பார்த்திருக்கலாம். விதைத்தது 33 வகை. பின்னர் எண்ணியபோது 84 வகைச் செடி. பூச்சி, சிலந்தி முதலியவற்றின் மொத்த எடை பக்கத்துப் புல்தரையைவிட 25 மடங்கு. கோடைக் கடைசியில் ஒருமுறை மட்டும் அறுப்பு. அதற்கு இரண்டு ஷையர் குதிரைகளைக் கொண்டுவந்தார்கள். ஷாங்க்ஸின் மட்டக்குதிரையைவிடப் பெரிய ஜாதி, குளம்பைச் சுற்றி வெள்ளை மயிர்க் குஞ்சம். தோல் பூட்ஸ் எதுவும் மாட்டவில்லை. வெட்டியது குப்பைக்குப் போகாமல் வைக்கோலாகக் கட்டப்பட்டது. புல்லுக்கட்டுக்காரி பார்த்திருந்தால் தலையாட்டியிருப்பாள்.

எல்லா வீட்டிலும் குதிரை வராது. மின்னசோட்டாவில் 2019 முதல் அரசுப் பணத்திலேயே வீட்டுக்காரர்களுக்கு உதவித்தொகை கொடுத்துத் ‘தேனீப் புல்தரை’ போடச் சொல்கிறார்கள். மெலிந்த இழைப் புல், அதனூடே வெள்ளைக் குளோவர், ஊதாப் பூ வைக்கும் செல்ஃப்-ஹீல், படரும் தைம். பந்து விளையாடலாம், பாய் விரித்துப் படுக்கலாம். 2,4-டி விரட்டிய குளோவர் விதை மறுபடி காசு கொடுத்து வாங்கும் பொருளாகிவிட்டது. பல்கலைக்கழகம் சொல்லும் பராமரிப்பு முறையில் மெஷினுக்கு இடமுண்டு. 3 அங்குலத்துக்குக் கீழே வெட்ட வேண்டாம் என்பது ஒன்றே நிபந்தனை. அதற்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. பெரும்பாலான மெஷின்களில் சக்கரத்துக்குப் பக்கத்தில் நாலைந்து காடி போட்ட ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். பட்டிங் வைத்த நடு உருளையின் பேத்தி அது. வாங்கிய நாளிலிருந்து பலரும் தொட்டிருக்க மாட்டார்கள், துருப்பிடித்து இறுகியிருக்கும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கட்டைவிரலால் அழுத்தி, கடைசிக் காடிக்குத் தள்ளினால் டக்கென்று விழும். பிறகு மெஷினைத் தள்ளிக்கொண்டு போகலாம். புல்லின் நுனி மட்டும் பறக்கும். குனிந்து கிடக்கும் குளோவர், பின்னால் உருளை போனதும் மெல்ல நிமிரும், தேனீ அதில் உட்கார்ந்தபடியே.